வணிகரும் பெரியபுராணமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சேக்கிழார் பெருமான் அருளிச்செய்த திருத்தொண்டர் புராணத்தில் வரும் வணிகர் குலத்து அடியார்களைப் பற்றிச் சில சொல்லவேண்டுமென்று சங்கத்தார் என்னைப் பணித்தனர். நம்மவர் செவிக்கு இனிய பொருள் இது. தனியடியார் அறுபத்து மூவருள் இயற்பகையார், அமர்நீதியார், மூர்த்தியார், கலிக்கம்பர், காரைக்காலம்மையார் என்னும் ஐவர் வணிகர் மரபினர். அவருள்ளும் இயற்பகையார் காவிரிப்பூம்பட்டினத்தவர். நம் முன்னோர் அப்பட்டினத்திலிருந்து பாண்டிநாடு புகுந்தனர் என்பது நாம் வழிவழியாகப் பேசிவரும் மரபாதலின், அவரை நம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் போலவே உரிமை கொண்டாடி வருகின்றோம். குருபூசை நடத்துகின்றோம், அன்னம் இடுகின்றோம், படத்திற்கு மாலை சாத்துகின்றோம். இவ்வைவர் வரலாற்றையும் மூலத்திலேயே படித்தவர்கள் கை தூக்குங்கள் என்று யான் இப்பொழுது கேட்டால், தலைவர் என்னை மறுமுறை மேடையேற்றமாட்டார். ஆதலின் கேளாது விடுகின்றேன்.

இளைஞர் பொருட்டு நூல் வரலாற்றைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வேன். குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், அநபாயன் எனப்பெற்ற இரண்டாங் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராய் இருந்தவர். அவ்வரசன் ஆட்சி 1133 முதல் 1150 வரை என்பர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரில் அருளிய திருத்தொண்டத் தொகையின் பதினொரு பாட்டுக்களே இந்நூலுக்கு வித்து. அவ்வித்து நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியில் முளைத்து, சேக்கிழார் கையில் 4,200-க்கு மேற்பட்ட பாட்டுக்களாய், இரண்டு காண்டமும் பதின்மூன்று சருக்கமுமாய்ப் பெருமரமாயிற்று. பன்னிரண்டாந் திருமுறையாகவும் வைக்கப்பெற்றது. இடைக்காலத்தில் ஏட்டளவில் இருந்ததனை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1852-ஆம் ஆண்டில் எளிய வசனமாக்கி அச்சிட்டார். கோயம்புத்தூர் வழக்கறிஞர் சி. கே. சுப்பிரமணிய முதலியார் ஏழு பகுதிகளாக விரிந்த உரை வரைந்தார். நம் புதுக்கோட்டைச் சீமையிலும் இவ்வகைக் கல்விக்குக் குறைவிருந்ததில்லை. மேலைச்சிவபுரியில் 1909-ஆம் ஆண்டிலேயே சன்மார்க்க சபை கண்டு, பண்டிதமணி கதிரேசச் செட்டியார் போன்றாரைச் சூழ வைத்துத் தமிழும் சைவமும் வளர்த்தவர் நம் முன்னோர் அன்றோ?

சேக்கிழார் ஓர் அமைச்சர். ஒரு பேரரசின் வரவுசெலவு அறிந்தவர். இதனை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் வேண்டும்.

இனி, தொகையின் வைப்புமுறையைச் சிறிது நோக்குங்கள். முதற்கண் தில்லைவாழ் அந்தணர். அவர்க்கு அடுத்துத் திருநீலகண்டக் குயவனார். குயவனார்க்கு அடுத்து நம் இயற்பகையார். அவர்க்கு அடுத்து வேளாளராகிய இளையான்குடி மாறனார். பின்னர்ச் சேதி நாட்டரசராகிய மெய்ப்பொருளார். வேள்வி செய்வார்க்குப் பக்கத்தில் மட்கலம் வனைவார். அவர்க்குப் பக்கத்தில் பெருவணிகர். குலவாரியாகப் பந்தி பிரித்துச் சுந்தரர் பாடவில்லை. சேக்கிழாரும் அவ்வரிசையைக் கலைக்கவில்லை. வேளாளர் இத்தனை பேர், வணிகர் ஐவர், அரசர் இத்தனை பேர் என்று பிரித்தெடுத்துப் பெயர்ப்பட்டியல் எழுதிக்கொண்டவர்கள் பின்வந்த நாமே. தமிழ்நாட்டிலுள்ள ஒவ்வொரு குலச்சங்கமும் இவ்வாறு தனக்குரிய பங்கைப் பிரித்துக்கொண்டது. சொத்துப் பாகம்பிரிப்பதில் நமக்கு இருக்கும் தேர்ச்சியை இந்நூலிலும் காட்டிவிட்டோம்.

பங்கு பிரித்துக்கொண்டவர் பங்கைப் பயிரிட வேண்டாவா? இங்கேதான் என் நெஞ்சை உறுத்தும் வினா எழுகின்றது. சைவனாகிய ஒருவன், நாடோறும் நீறிட்டு ஐந்தெழுத்து ஓதுகின்றவன், இந்நூலை எவ்வாறு படித்தல் வேண்டும்? கதை கேட்பவன் போலப் படிப்பதா? வழக்காடுபவன் போலப் படிப்பதா? அல்லது கண்ணில் ஒற்றிக்கொண்டு பூசையறையில் வைத்துவிடுவதா?

வழக்காடினவர்கள் உண்டு. 1943-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டக்கல்லூரி மண்டபத்தில் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களோடும், பின்னர்ச் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் அவர்களோடும் சி. என். அண்ணாதுரை அவர்கள் சொற்போர் புரிந்தார். கம்பராமாயணமும் பெரியபுராணமும் தீக்கு உரியன என்பது அவர் பக்கத்து வாதம். அவ்வாதத்தை ஏலாத சைவன் யான். ஆயினும் ஒன்று சொல்லுவேன். மனைவியைக் கொடுத்தவன் கதையும், பிள்ளையை அரிந்தவன் கதையும், கையைத் தறித்தவன் கதையும் ஒரு மனிதன் நெஞ்சைக் கலக்கவேண்டும் என்று அவர் கருதினார். மாலை சாத்திய நம்மை அக்கதைகள் கலக்கவே இல்லை. யார் நூலை நெருங்கிப் படித்தவர் என்று கேட்டால், அதற்கு விடை சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கின்றது.

காரைக்காலம்மையார் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். நம் ஆச்சிமார் அனைவரும் அறிந்தது. காரைக்காலில் வணிகர் தலைவராகிய தனதத்தனார் மகளார் புனிதவதியார். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தன் அவரை மணந்து, மாமனார் அமைத்துக் கொடுத்த மனையிலேயே காரைக்காலிற் கடை வைத்து வாழ்ந்தான். ஒரு நாள் கடைக்கு வந்தவர் இரண்டு மாங்கனி கொடுத்தனர். அவன் வீட்டுக்கு அனுப்பினான். பசியோடு வந்த அடியார் ஒருவர்க்குச் சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. அம்மையார் ஒரு கனியை இட்டு அமுது செய்வித்தார். நடுப்பகலில் வந்த கணவன் எஞ்சிய கனியை உண்டு, சுவை மிகுதியால் மற்றதனையும் கேட்டான். உள்ளே சென்று இறைவனை நினைத்து நின்றவர் கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை மண்ணுலகச் சுவையாய் இல்லை. இது யான் அனுப்பிய கனியன்று, எங்கிருந்து வந்தது என்றான்.

வணிகன் கேட்கவேண்டிய கேள்வியையே அவன் கேட்டான். கடையிலிருந்து அனுப்பிய சரக்கு இரண்டு. வந்து சேர்ந்த சரக்கின் தரம் வேறு. வரவில் இல்லாத ஒன்று கையிருப்பில் எவ்வாறு வந்தது? நம்மில் எவரும் அவ்வாறுதான் கேட்போம். அவனைச் சேக்கிழார் ஓரிடத்தும் இழித்துரைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அம்மையாரோ இறைவன் திருவருளை வெளியிற் சொல்லவும் தயங்கினார். கணவனிடம் மறைக்கவும் தயங்கினார். முடிவில் உண்மையைச் சொன்னார். அஃது உண்மையாயின் இன்னுமொரு கனி வருவிப்பாய் என்றான் அவன். வந்தது, அவன் கையில் வாங்கிய அளவில் மறைந்தது.

இதற்குப் பின் அவன் செய்தது யாது? அவரை வைதானா? அடித்தானா? ஒன்றுமில்லை. இவர் தெய்வம் என்று அஞ்சினான். அஞ்சி, கலமேறி வாணிகம் சென்று பொருளீட்டி, காரைக்காலுக்குத் திரும்பாது பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறொரு பெண்ணை மணந்து குடியேறினான். பிறந்த பெண்மகவுக்குப் புனிதவதியார் பெயரையே இட்டான். உறவினர் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அழைத்துவந்தபொழுது, மனைவியோடும் மகவோடும் அவர் திருவடியில் விழுந்தான். உற்றார் திகைத்தனர். கணவன் மனைவி காலில் விழுவதா என்றனர். இவர் மானுடர் அல்லர், நீங்களும் பணியுங்கள் என்றான். கணவன் பொருட்டுத் தாங்கிய தசைப்பொதி இனி எதற்கு என்று அம்மையார் பேய்வடிவு வேண்டிப் பெற்ற வரலாறு பின்னர் வருவது.

இதனைப் படிக்குந்தோறும் எனக்குப் படுவது இது. பரமதத்தன் அம்மையாரை வணங்கினான். வணங்குவதன் வாயிலாகவே அவரை வீட்டினின்றும் நீக்கினான். காலில் விழுந்தவன் மீண்டும் அவரோடு ஒரு மனையில் இருக்கவில்லை. ஒன்றைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் அதனோடு நாள்தோறும் குடித்தனம் செய்யவேண்டிய கடமை தீர்ந்துபோகின்றது. அதன் பெயரைப் பிள்ளைக்கு இடலாம். அதற்கு விழா எடுக்கலாம். பெரியபுராணத்திற்கு நாம் செய்திருப்பது அதுவே. பிள்ளைகளுக்குப் புனிதவதி, திலகவதி என்று பெயரிட்டோம். நூலைப் பட்டில் முடிந்து மேலே வைத்தோம். காரைக்காலில் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. மாடியிலிருந்து கனிகளை வாரி இறைப்பர். நம்மவரும் சென்று ஏந்திவருவர். அக்கனியை ஏந்தும்பொழுது, நம் வரவில் பதியப்படாத ஒன்று நம் வீட்டில் இருப்பதனை நாம் பொறுப்போமா என்ற வினா நம் நெஞ்சில் எழவேண்டும். எழாவிட்டால் அது வெறும் மாம்பழம்.

அமர்நீதியாரையும் மூர்த்தியாரையும் ஈண்டு விரிக்கவில்லை. பழையாறையில் பொன்னும் மணியும் பட்டும் விற்ற அமர்நீதியார், ஒரு கோவணத்திற்கு ஈடாகத் தம் செல்வமெல்லாம் தட்டில் ஏற்றியும் நிறை ஒவ்வாமல், முடிவில் மனைவியோடும் மகனோடும் தாமே தட்டில் ஏறினார். மதுரை மூர்த்தியார் சந்தனக்கட்டை கிடையாத நாளில் தம் முழங்கையைக் கல்லில் தேய்த்தார். இவை சொல்லவும் கேட்கவும் எளியன. ஏனெனில் அவர் இழந்தது தம்முடையதனை. பிறருடையதனை இழந்த கதைகளே நமக்கு முள்ளாயிருப்பன.

இயற்பகையார் கதை அத்தகையது. அடியார் எதனைக் கேட்பினும் மறாதவர் அவர். மறையவர் வேடத்தில் வந்த இறைவன் மனைவியைக் கேட்க, கொடுத்தார். தடுக்க வந்த சுற்றத்தாரையும் வெட்டி வீழ்த்தினார். சாய்க்காட்டின் அருகே கொண்டுபோய் விட்டுத் திரும்பினார். பிறகு காட்சி கிடைத்தது. இதற்குத் தத்துவப் பொருள் கூறுவார் உண்டு. மனைவி என்பது மனம், சுற்றம் என்பது பாசம் என்றெல்லாம் விரிப்பார்கள். அவர்கள் அன்பை யான் மதிக்கின்றேன்; அவ்வுரையை மட்டும் ஏற்க மாட்டேன். சேக்கிழார் உருவகம் பாடவில்லை. அம்மையார் முதலிற் கலங்கினார், பின்னர்த் தெளிந்தார் என்று ஒரு பெண்ணின் நெஞ்சைப் பாடினார். கலங்கினார் என்று கவி எழுதிய இடத்தில் நாம் கலங்காமற் கடந்துபோவது கவிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவ்வம்மையார் பெயரைக்கூட அவர் நமக்குச் சொல்லவில்லை. நம் பட்டினத்து வணிகரைக் கொண்டாடுகின்ற நாம், பெயரில்லாத அந்த நம் பட்டினத்துப் பெண்ணை என்றேனும் நினைத்ததுண்டா?

கலிக்கம்பர் கதையை என் அப்பத்தாளோடு சேர்த்தே எனக்கு நினைவு. இரவில் முகப்பில் விளக்கேற்றி வைத்து நாவலர் வசனத்தை ஒருவர் படிக்க, வீட்டார் சுற்றியிருந்து கேட்பது எங்கள் வழக்கம். பெண்ணாகடத்து வணிகராகிய கலிக்கம்பர் நாடோறும் அடியார் திருவடியை விளக்கி அமுது செய்விப்பவர். மனைவியார் கரகநீர் வார்ப்பார். ஒரு நாள் வந்தவர் வரிசையில், முன்பு அவ்வீட்டில் ஏவல் செய்து, அப்பணியை வெறுத்து நீங்கிப்போன ஒருவர் அடியார் வேடத்தோடு நின்றார். அவர் அடியைக் கலிக்கம்பர் பற்றினார். மனைவியார் ஆளை அடையாளம் கண்டு கூசி, நீர் வார்க்கத் தாழ்த்தார். கலிக்கம்பர் வாளை எடுத்து அவர் கையைத் துணித்து, கரகத்தைத் தாமே வாங்கி, அவ்வடியை விளக்கி, வேண்டுவன எல்லாம் தாமே செய்தார். கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தாள், “பிறகு அந்த ஆச்சிக்கு யார் சோறு பிசைந்து கொடுத்தது?” என்றாள். படித்தவருக்கு விடை தெரியவில்லை. அப்பத்தாள் எழுதப்படிக்கத் தெரியாதவள். திருநீற்றுச் சம்புடம் இடுப்பிலேயே இருக்கும்.

கை மீண்டும் வளர்ந்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. சிறுத்தொண்டர்க்குப் பிள்ளை திரும்பி வந்தான். கண்ணப்பர்க்குக் கண் காக்கப்பெற்றது. இவ்வம்மையார் கை மட்டும் அப்படியே நிற்கின்றது. ஆகவே அப்பத்தாள் கேள்வியும் அப்படியே நிற்கின்றது. கையைத் துணித்தது நன்று என்று யான் எந்நாளும் சொல்லேன். அவ்வாறு சொன்னால்தான் சைவன் என்று எவரேனும் கூறுவாராயின், அவர் கூற்றையும் ஏலேன். ஆனால் அக்கொடுமையை வெறுத்ததோடு நூலை மூடிவிட்டோமானால், கதையின் மற்றொரு பாதி நமக்குத் தப்பிப்போகும். நீர் ஏன் நின்றது? வந்தவர் அடியார் அல்லர் என்பதனால் நிற்கவில்லை. வேலைக்காரர் என்பதனால் நின்றது. நேற்று நம் சொல்லுக்கு ஓடியவன், வேலையை உதறிவிட்டுப் போனவன், இன்று நம் பட்டாலையில் மணையிட்டு உட்கார்வதா என்னும் கூச்சம் அது. அம்மையார் கொடியவர் அல்லர். நாடோறும் நீர் வார்த்த உத்தமி. அவர் கையை ஒரு கணம் நிறுத்தியது நம் வீடுகளில் இன்றும் இருக்கின்றது.

நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். முகப்பு வரையில் வரலாம், வளவுக்குள் வரலாகாது என்று எத்தனை பேர்க்கு நாம் கோடு கிழித்தோம்? இரண்டாங்கட்டில் ஆக்கியவர்க்கு முன்கட்டில் இலை போட்டோமா? 1939-ஆம் ஆண்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் ஆதிதிராவிட அன்பர்களை அழைத்துக்கொண்டு உட்புகுந்தார். 1947-இல் ஆலய நுழைவு சட்டமாயிற்று. கோயிலில் சட்டம் நுழைந்தது. பந்தியில் நுழைய எந்தச் சட்டத்தாலும் ஆகாது. கரகம் பிடித்த கை தானே வளைந்தாலொழிய நீர் விழாது. நம் சங்கத்து விருந்துக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தி எங்கே தொடங்குகின்றது என்பது நமக்குத் தெரியும். எங்கே முடிகின்றது என்பதனைப் பாத்திரம் துலக்குகின்றவர்களைக் கேட்டறிய வேண்டும்.

வணிகரை விட்டு நம் சீமைக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டம் 1974-இல் அமைந்தபொழுது அதன் எல்லைக்குள் அடியார் சிலருடைய ஊர்கள் அடங்கின. கடற்கரை மணமேற்குடி குலச்சிறையார் ஊர். கொடும்பாளூர் இடங்கழியார் தலைநகர். பெருமிழலைக்குறும்பர் ஊரும் தேவர்மலைப் பக்கம் என்றே நம்மவர் வழிபடுகின்றனர். மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பெற்ற திருப்பெருந்துறையும் நம்முடையதே. இதுவும் பெருமைதான். ஆனால் குலச்சிறையார் பெயரைச் சொன்னவுடன் கழுமரம் கண்முன் வந்துவிடுகின்றது. பாண்டியன் அமைச்சராகிய அவர், மங்கையர்க்கரசியாரோடு கூடித் திருஞானசம்பந்தரை மதுரைக்கு அழைப்பித்தார். வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்பது கதை.

இதனை என் செய்வது? சம்பந்தர் தம் பதிகங்களில் கழுவேற்றம் கூறவில்லை என்பதனை ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கின்றனர். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இதனை வரலாறாகக் கொள்ள இசையாது, இனிமையற்ற கட்டுக்கதை என ஒதுக்கினார். நம் கண்ணெதிரிலேயே சான்றொன்று உண்டு. அன்னவாசல் அருகே சித்தன்னவாசல் மலையில் சமணத் துறவியர் கற்படுக்கைகள் பழந்தமிழ் எழுத்துக்களோடு கிடக்கின்றன. அம்மலையின் அறிவர் கோயிலை, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார், சீமாற சீவல்லப பாண்டியன் காலத்தில் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்ததாகக் கல்வெட்டுக் கூறுகின்றது. அக்காலம் ஒன்பதாம் நூற்றாண்டு. குலச்சிறையார் காலத்திற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு பிந்தியது. பாண்டியன் ஆட்சியில், மதுரைப் பெயர் தாங்கிய சமண ஆசிரியர் ஒருவர் கோயில் புதுக்குகின்றார். விதானத்தில் தாமரைக்குளம் எழுதப்படுகின்றது. எண்ணாயிரவரையும் ஒழித்த நாடு இவ்வாறு இருந்திராது.

இதனால் சைவன் மூச்சுவிட இடம் கிடைத்தது என்று யான் மகிழ்ந்திருந்தேன். ஆனால் கதை நடக்கவில்லை என்பது கதையைப் பாடிய உள்ளத்திற்கு விடையாகாது. சேக்கிழார் பாடியுள்ள முறையைப் பாருங்கள். தோற்றால் கழுவேறுவோம் என்று சூளுரைத்தவர் சமணரே என்கின்றார். கழுவேற்ற ஆணையிட்டவன் அரசன் என்கின்றார். சம்பந்தர்க்கு அவர்மேற் பகை இல்லை, மடத்திற்குத் தீயிட்டவர் ஆதலின் தடுக்காது இருந்தார் என்கின்றார். ஒருவன் குற்றமற்றவன் என்பதில் கவிக்கு ஐயமே இல்லையாயின் இத்தனை காரணம் அடுக்குவானா? ஐந்தொகையில் ஓரிடத்தில் மட்டும் விளக்கம் நீண்டிருந்தால் நம் கணக்குப்பிள்ளைகள் அவ்விடத்தில்தானே விரல் வைப்பார்கள்? அமைச்சராயிருந்த சேக்கிழார்க்கும் அவ்விடம் உறுத்தியிருக்கின்றது என்பது என் கருத்து. அவ்வுறுத்தலை அவரிடமிருந்து யான் பெற்றுக்கொள்கின்றேன். சித்தன்னவாசலுக்குச் செல்லும் சைவர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல், கற்படுக்கையருகிலும் சிறிது நேரம் இருந்து வருதல் நலம்.

இனிக் கொடும்பாளூர். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் பெருவழியில் விராலிமலையைக் கடந்தால் வருவது. அங்கே பூதி விக்கிரமகேசரி என்னும் வேளிர் தலைவர் தம் பெயராலும் தம் தேவியர் இருவர் பெயராலும் பத்தாம் நூற்றாண்டில் எடுத்த மூன்று தளிகளுள் இரண்டு இன்றும் நிற்கின்றன. மூவர் கோயில் என்பர். மூன்றாவதற்கு அடித்தளமே மிச்சம். பாட்டையோரம் வண்டியை நிறுத்தித் தேநீர் பருகுகின்ற நம்மவரில் எத்தனை பேர் உள்ளே திரும்பினர் என்பது வேறு செய்தி. அவ்வூரை முன்னர் ஆண்டவர் இடங்கழியார். தில்லையம்பலத்திற்குப் பொன் வேய்ந்த ஆதித்தன் குடியினர் என்று சேக்கிழார் அவரைச் சிறப்பிக்கின்றார்.

அடியார்க்கு நாடோறும் அமுதளித்து வந்த ஒருவர்க்குக் கைப்பொருள் தீர்ந்தது. பந்தி நிற்குமே என்று தவித்தவர், நள்ளிரவில் அரசன் நெற்பண்டாரத்திற் புகுந்து நெல்லைக் கவர்ந்தார். காவலர் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினர். ஏன் கவர்ந்தாய் என்றான் அரசன். சிவனடியார்க்கு அமுதளிக்க முட்டுப்பட்டது, ஆதலின் கவர்ந்தேன் என்றார். இவரன்றோ எனக்குப் பண்டாரம் என்று சொல்லி அரசன் அவரை விடுவித்தான். அதனோடும் நின்றானில்லை. அடியார் எல்லாம் நெற்பண்டாரத்தையும் பிற நிதிகளையும் கொள்ளையாகக் கொள்க என்று ஊரெங்கும் பறையறைவித்தான்.

சில பாட்டுக்களே கொண்ட சிறிய புராணம். வெட்டு இல்லை, குத்து இல்லை. இறைவன் வேடமிட்டு வரவில்லை, முடிவில் விடைமேற் காட்சியும் தரவில்லை. திருடியவர் உண்மையாகவே திருடினார். நெல் உண்மையாகவே போயிற்று. பிற புராணங்களில் சோதனை என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். இதில் அதற்கும் வழியில்லை. அதனாலேயே வணிகனுக்கு மிகக் கடினமான புராணம் இது என்று யான் எண்ணுகின்றேன். பத்து நாள் இவ்வாறு பறையறைந்தால் பதினோராம் நாள் கடையைச் சாத்தவேண்டியதுதான் என்று நாம் உடனே சொல்லுவோம். பேரரசின் அமைச்சரான சேக்கிழார்க்கு அது தெரியாதா? தெரிந்தவர்தாம் பாடியிருக்கின்றார்.

ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் பெட்டியடி வைத்துத் தொழில் நடத்திய நம் முன்னோர், இலாபத்தில் ஒரு பகுதியை மகமையென்று கணக்கிலேயே எழுதித் தருமத்திற்கு ஒதுக்கினர். சிறந்த வழக்கம், அதனால் எழுந்த கோபுரங்களும் பாடசாலைகளும் பல. இடங்கழியார் கதை அதற்கு மேலும் ஒரு படி கேட்கின்றது. மகமையில், கொடுப்பவன் நாம். எவ்வளவு, எப்பொழுது, எவர்க்கு என்பதும் நம் கையில். கொடும்பாளூரில் பண்டாரத்தின் கதவை உடைத்தவன் பசித்தவர் பொருட்டு வந்தவன். அவனை நோக்கி, நீயே என் முதல் என்று சொல்ல நம் நாவு எழுமா? இவ்வாண்டு நம் சங்கத்துக் கல்விநிதிக்கு வந்த மனுக்களில், நம் குலத்தார் அல்லாதார் மனுக்களை என்ன செய்வது என்று செயற்குழு இரண்டு முறை கூடியும் முடிவு காணாது கலைந்ததனை நீங்கள் அறிவீர்கள். யான் செயற்குழுவில் இல்லை. அக்கேள்விக்கு இங்கே விடை கூறுவது முறையும் அன்று. ஆனால் அடுத்த கூட்டத்தில் அம்மனுக்களைப் பிரிப்பதற்கு முன்னர், இச்சிறு புராணத்தை ஒருவர் எழுந்து முழுவதும் படிக்கவேண்டும். கேட்டபின் மனுக்களை எடுக்கவேண்டும் என்று தலைவர் அவர்களைப் பணிவோடு வேண்டிக்கொள்கின்றேன்.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. இடங்கழியார் குருபூசை ஐப்பசிக் கார்த்திகையில் வருகின்றது. இம்முறை நம் மண்டபத்திலேயே இலை போட்டு முடித்துவிடாமல் கொடும்பாளூருக்குச் செல்வோம். காலையில் மூவர் கோயிலைக் கண்டு, அங்கேயே நிழலில் அமர்ந்து புராணத்தை மூலத்தோடு படிப்போம். பொருள் சொல்ல ஓதுவார் ஒருவரை அழைக்கலாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அப்பத்தாள்மாரையும் விட்டுவிட்டு வரவேண்டா, அவர்கள் கேட்கும் கேள்விகள் நமக்கு வேண்டும். அன்னம் அவ்வூரிலேயே ஆகட்டும். ஊரார் அனைவர்க்கும் ஒரே பந்தி. வர விரும்புவோர் புரட்டாசி முடிவதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டால் வண்டி அமர்த்த எளிதாயிருக்கும்.